இணைய வரைபடங்களில் இருட்டு எங்கிருந்து வருகிறது?

2010 டிசம்பரில் ஃபேஸ்புக் நிறுவனம் ஓர் உலகப்படத்தை வெளியிட்டது. கருநீலப் பின்னணி, அதன்மேல் இழை இழையாக வெள்ளொளி. நாட்டு எல்லை, கடற்கரை, ஆறு என்று எதையும் யாரும் வரையவில்லை. ஆனாலும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் பளிச்சென்று தெரிகின்றன, இந்தோனேசியத் தீவுகள் மின்னுகின்றன. விண்வெளியிலிருந்து யாரோ இரவில் பூமியைப் படம் பிடித்த மாதிரி ஒரு தோற்றம். எந்தப் பகுதி மக்கள் இணையத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அழகாக வரைந்து காட்டும் முயற்சிகள் நிறைய உண்டு. அவற்றில் இதுதான் அதிகம் பேர் பார்த்த படமாக இருக்கும். இந்த வகைப் படங்களில் ஏமாறுவது எப்படி என்று காட்டவும் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வரைந்தவர் பால் பட்லர். அப்போது அவர் ஃபேஸ்புக்கின் தரவுப் பொறியியல் குழுவில் பயிற்சியாளர். எப்படி வரைந்தேன் என்பதை அவரே விளக்கமாக எழுதியிருக்கிறார். நிறுவனத்தின் தரவுக் கிடங்கிலிருந்து சுமார் ஒரு கோடி நண்பர் ஜோடிகளை மாதிரியாக எடுத்தார். ஒவ்வொருவரும் எந்த ஊர்க்காரர் என்று பார்த்து, எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே எத்தனை நட்புகள் என்று கூட்டினார். ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைச் சேர்த்து, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் கோடு போடச் சொன்னார். வந்து விழுந்தது படத்தின் நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு. கோட்டின் மேல் கோடு ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அப்புறம்தான் கலை வேலை தொடங்கியது. ஊர்களுக்கு இடையிலான தூரம், நட்புகளின் எண்ணிக்கை இரண்டையும் வைத்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எடை கொடுத்தார். எடை கூடிய கோடுகள் மேலே வரும்படி அடுக்கினார். கறுப்பில் தொடங்கி நீலம் வழியாக வெள்ளைக்கு ஏறும் நிற வரிசையை வைத்தார். நேர்கோடுகளை உருண்டைப் பூமியின்மேல் போகும் குறுக்குவழி வளைவுகளாக மாற்றினார். கண்டங்களின் உருவம் அப்போதுதான் தெளிந்து வந்தது. வேறு எடை, வேறு நிறம் வைத்திருந்தால் வேறு உலகம் வந்திருக்கும். பட்லர் எதையும் மறைக்கவில்லை. ஆனால் படம் ஊர் சுற்றிய வேகத்தில் விளக்கம் சுற்றவில்லை.

சரி, இருட்டுக்கு வருவோம். அந்தப் படத்தில் சீனா கிட்டத்தட்ட இல்லை. ரஷ்யாவும் பெரும்பாலும் இருட்டு. அந்த ஆண்டில் உலகிலேயே அதிக இணையப் பயனாளர்கள் இருந்த நாடு சீனா. 2009 ஜூலையில் அங்கே ஃபேஸ்புக் தடுக்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். ரஷ்யர்கள் வி.கான்டாக்டே என்ற சமூக வலைத்தளத்தில் இருந்தார்கள். பிரேசில்காரர்கள் ஆர்குட்டில் இருந்தார்கள். நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஆர்குட்டை நினைவிருக்கும். ஸ்கிராப் புத்தகத்தில் யார் என்ன எழுதினார்கள் என்று பார்க்கவே பிரவுசிங் சென்டருக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்த காலம் அது. இந்தியாவிலும் 2010 வரை அதன் கைதான் ஓங்கியிருந்தது. ஆக, அந்தப் படத்தில் ஓர் இடம் இருட்டாக இருந்தால், ‘இங்கே ஃபேஸ்புக் நட்புகள் குறைவு’ என்று மட்டுமே பொருள். ‘இங்கே இணையம் குறைவு’ என்று படிப்பது பார்ப்பவர் சேர்த்துக்கொள்வது. சேர்த்துக்கொள்ளத் தூண்டுவது அந்த இரவு வெளிச்சப் பாணி. நாசாவின் இரவு விளக்குப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கறுப்புப் பின்னணியில் ஒளிர்வது எதுவானாலும் கேமரா கண்ட உண்மையாகவே படுகிறது.

இத்தாலியரான வின்சென்சோ கொசென்சா 2009 ஜூனில் வெளியிடத் தொடங்கிய உலகப்படம் இதற்கு நேர் எதிரானது. அழகில் சுமார்தான். பள்ளிக்கூட அட்லஸ் போல, எந்த நாட்டில் எந்தச் சமூக வலைத்தளம் முதலிடம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம். முதல் படத்தில் பல நிறங்கள் இருந்தன. ஆண்டுக்கு ஆண்டு ஃபேஸ்புக்கின் நீலம் பரவிப் பரவி, மிச்சமிருந்த நிறங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றானது. ஒரு படமாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. வரிசையாக ஓட்டிப் பார்த்தால் ஒரு படையெடுப்பைப் பார்ப்பது போல இருக்கும்.

அந்தப் படையெடுப்பு என்ற எண்ணத்தையே பாணியாக எடுத்துக்கொண்டவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனத்தின் மார்க் கிரகாமும் ஸ்டெஃபானோ டி சப்பாட்டாவும். 2013இல் அவர்கள் வெளியிட்ட ‘இணையப் பேரரசுகளின் காலம்’ என்ற வரைபடம், காலனியாதிக்கக் காலத்து ஏகாதிபத்திய வரைபடம் போலவே வரையப்பட்டது. அதிகம் பேர் போகும் தளங்களில் கூகுள் முதலிடத்தில் இருந்த நாடுகள் சிவப்பு, ஃபேஸ்புக் நாடுகள் நீலம். சீனாவில் பைடு தேடுபொறி, ரஷ்யாவில் யாண்டெக்ஸ் தேடுபொறி, ஜப்பானிலும் தைவானிலும் யாஹூ. பாலஸ்தீனப் பகுதியில் மட்டும் ஓர் உள்ளூர்ச் செய்தித்தளம், அல்-வத்தன் வாய்ஸ். இந்தியா கூகுளின் சிவப்பில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்து உலகப்படங்களில் நம் நாட்டுக்குப் பூசப்பட்ட அதே செந்நிறக் குடும்பம். இந்தக் குறும்பு வேண்டுமென்றே செய்ததுதான் என்று நினைக்கிறேன்.

இந்தப் படத்தை நான் உயர்வாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய அட்லஸ் போல இருப்பதால், ‘இதை ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், இதில் அவருடைய கருத்து இருக்கிறது’ என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. ஒளிப்படம் போல் நடிக்கவில்லை. கூடவே அவர்கள் இரண்டாவது படம் ஒன்றையும் தந்தார்கள். அதில் நாடுகள் நிலப்பரப்புக்கு ஏற்றபடி இல்லாமல், இணையப் பயனாளர் எண்ணிக்கைக்கு ஏற்றபடி அறுகோணக் கட்டங்களாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. முதல் படத்தில் ஃபேஸ்புக்கின் நீலம் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று பெரிதாகப் பரந்து கிடக்கும். ஆனால் அந்த ஐம்பது நாடுகளையும் கூட்டினால் சுமார் 28 கோடிப் பயனாளர்கள்தான். பைடுவின் கணக்கில் வந்த இரண்டே நாடுகளில் 50 கோடிக்கு மேல். ஒரே தரவு, இரண்டு பாணி, இரண்டு வேறு முடிவுகள். கனடாவும் ரஷ்யாவும் இரண்டாவது படத்தில் சுருங்கிப் போகின்றன. ஆப்பிரிக்காவின் பல நாடுகள் கண்ணுக்கே எட்டுவதில்லை.

இரண்டு நாடுகள் என்றேனே, அதில் சீனா சரி. மற்றது தென்கொரியா. அங்கே பைடு முதலிடமா? கொரியர்கள் எதைத் தேடினாலும் உள்ளூர்த் தேடுபொறியான நேவரில்தான் தேடுவார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். வரைந்தவர்களுக்கும் சந்தேகம் வந்தது. தரவு கோணலாக இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். தரவு வந்தது அலெக்ஸாவிலிருந்து. இது அமேசானின் பேசும் பெட்டி அல்ல, அதே பெயரில் அதே நிறுவனத்திடம் இருந்த இணையப் போக்குவரத்துக் கணிப்பு நிறுவனம். தங்கள் உலாவியில் அலெக்ஸாவின் நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) போட்டுக்கொண்டவர்கள் எங்கெல்லாம் போகிறார்கள் என்று பார்த்து, அதை வைத்துத்தான் மொத்த மக்களையும் அது ஊகித்தது. அந்த மாதிரி நீட்சியை எல்லா நாட்டிலும் எல்லா வயதினரும் ஒரே அளவில் போட்டுக்கொள்வார்களா என்ன? கைப்பேசிச் செயலிகளும் அதன் பார்வைக்கு வெளியே. வாட்ஸ்அப்பில் நாள் முழுக்க இருக்கும் ஒருவர் அந்தக் கணக்கில் இணையத்தில் இல்லாதவர்தான். 2022 மே மாதம் அந்தச் சேவையே மூடப்பட்டது. அதை நம்பி வரைந்த படங்களை இனி அதே முறையில் புதுப்பிக்க வழியில்லை.

எரிக் ஃபிஷர் என்ற அமெரிக்கர் வேறு பக்கமாக வந்தார். 2010இல் ஃபிளிக்கர், பிக்காசா தளங்களில் இடக்குறிப்போடு ஏற்றப்பட்ட புகைப்படங்களை எடுத்து, உலகின் பெருநகரங்களை ஒவ்வொன்றாகப் புள்ளிகளால் வரைந்தார். நீலப் புள்ளி உள்ளூர்க்காரர், சிவப்புப் புள்ளி சுற்றுலாப் பயணி, தெரியாதவை மஞ்சள். யார் உள்ளூர்க்காரர் என்பதை எப்படி முடிவு செய்தார்? ஒரே நகரத்தில் ஒரு மாதமோ அதற்கு மேலோ இடைவெளியில் படம் எடுத்திருந்தால் உள்ளூர். வேறு ஊரில் உள்ளூர்க்காரராக இருந்து, இங்கே ஒரு மாதத்துக்குள் எடுத்து முடித்திருந்தால் சுற்றுலா. எளிய விதிதான். ஆனால் லண்டனின் தேம்ஸ் கரை சிவப்பாகக் கொழுந்துவிட்டு எரிவதையும், அதிலிருந்து விலகிய தெருக்கள் நீலமாகக் கிடப்பதையும் பார்க்கும்போது விதி வேலை செய்கிறது என்று தோன்றுகிறது. அடுத்த ஆண்டு ஃபிளிக்கரை ஒரு நிறத்திலும் ட்விட்டரை இன்னொரு நிறத்திலும் ஒரே படத்தில் பூசினார். இரண்டும் கலக்கும் இடம் வெள்ளை. ஓர் ஊரில் மக்கள் எங்கே நின்று பார்க்கிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்பது தனித்தனியாகத் தெரிந்தது.

பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் ஃபிஷரின் படங்களின் அருமை புரியும். அவர் சாலைகளை வரையவில்லை. ஆட்கள் நடந்த தடம் சேர்ந்து சாலையாகிவிட்டது. ஆனாலும் இடக்குறிப்பை வெளிப்படையாக விடுகிறவர்கள் எப்போதும் சிறுபான்மை. 2010இல் கேமராவோடு ஊர் சுற்றி, படத்தை இடத்தோடு ஏற்றியவர் யார் என்று யோசித்தால், யாரெல்லாம் அந்தப் படத்தில் இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஆட்கள் செய்ததை எண்ணிய படங்கள். இன்னொரு குடும்பம் உண்டு: கருவிகளை எண்ணும் படங்கள். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். 2006 டிசம்பரில் கேலிச்சித்திரக்காரர் ராண்டல் மன்ரோ இந்த முகவரிகள் அனைத்தையும் கையால் ஒரு சதுரத்துக்குள் வரைந்தார். அடுத்தடுத்த எண்கள் படத்திலும் அக்கம்பக்கத்தில் வரும்படி, ஹில்பர்ட் வளைவு என்ற கணித வளைவின் வழியே அடுக்கினார். 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 1.67 கோடி முகவரிகள். ஆப்பிளுக்கு ஒரு முழுக் கட்டம், ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்கு ஒன்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. முதலில் வந்தவர்கள் துண்டு போட்டுப் பிடித்த இடங்கள். இந்தியாவின் இன்றைய பங்கு சுமார் 4 கோடி முகவரிகள், அதாவது இரண்டரைக் கட்டம். ஒரு கார் கம்பெனிக்கு ஒன்று, ஒரு தேசத்துக்கு இரண்டரை! அமெரிக்காவிடம் 150 கோடிக்கு மேல். இதைப் புள்ளிவிவர அட்டவணையில் படித்தால் யாருக்கும் உறைக்காது. அந்தக் கேலிச்சித்திரத்தில் உறைக்கும்.

உலகின் எல்லா முகவரிகளையும் ஒரு முறை கூப்பிட்டு, பதில் சொன்னவற்றைப் புள்ளியாக வைத்தால் எப்படி இருக்கும்? ஷோடன் தேடுபொறியை உருவாக்கிய ஜான் மேதர்லி 2014 ஆகஸ்டில் இதைச் செய்தார். கூப்பிட்டு முடிக்க 5 மணி நேரம், படம் வரைய 12 மணி நேரம். சிவப்பும் மஞ்சளுமாக ஐரோப்பாவும் அமெரிக்கக் கிழக்குக் கரையும் தகதகக்கும். அதற்கு முன்பே, 2012இல், பெயர் சொல்லாத ஒருவர் இதைவிடத் துணிச்சலான, சட்டத்துக்குப் புறம்பான காரியம் ஒன்றைச் செய்திருந்தார். கடவுச்சொல்லே வைக்காத, அல்லது கடையில் வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லையே விட்டுவைத்த சுமார் 4,20,000 கருவிகளுக்குள் புகுந்து, அவற்றை வைத்தே மொத்த இணையத்தையும் எண்ணினார். 2013 மார்ச்சில் முடிவை வெளியிட்டார். அதில் ஓர் அசையும் படம் இருந்தது. 24 மணி நேரத்தில் பூமியின்மேல் பகலும் இரவும் நகர நகர, கருவிகளின் செயல்பாடு சிவப்பாக ஏறி நீலமாக இறங்கும். முறை தவறு, படம் அசத்தல். இரண்டையும் ஒருசேரச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த அசைவுக்கு ஒழுங்கான ஆய்வு 2014இல் வந்தது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹைடமனும் அவர் குழுவும் 37 லட்சம் முகவரித் தொகுதிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் இணையம் இராப்பகலாக விழித்தே இருக்கிறது. ஆசியாவின் பெரும்பகுதியிலும் தென் அமெரிக்காவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் அது இரவில் தூங்கப் போகிறது என்று கண்டார்கள். வருமானத்தோடும் மின்சாரப் பயன்பாட்டோடும் அது ஒத்துப்போனது. நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. படுக்கப் போகும்போது கேஸ் மூடி, வாசல் விளக்கு, மோடம் மூன்றையும் அணைக்கிற வீடுகள்தானே நம்முடையவை.

ஆனால் இந்தக் கருவிக் கணக்கில் இந்தியா மங்கலாகத் தெரிவதற்கு மின்சாரமோ வருமானமோ மட்டும் காரணமில்லை. முகவரிகள் போதாததால் நம் கைப்பேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. வெளியிலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்வது நிறுவனத்தின் வாசல் கருவி. அதன் பின்னால் எத்தனை பேர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நாட்டின் இணையமே பெரும்பாலும் கைப்பேசியில்தான். 2024 மார்ச் முடிவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி இணையச் சந்தாக்கள் 95 கோடியைத் தாண்டின. கருவிகளைக் கூப்பிட்டு எண்ணும் படத்தில் இதில் பெரும்பங்கு வாசலோடு நின்றுவிடும். உலகிலேயே இரண்டாவது பெரிய இணையக் கூட்டம், படத்தில் அரை இருட்டு.

முகவரி கிடைத்தாலும் அது எந்த ஊர் என்பது ஊகம்தான். இதற்கு அமெரிக்காவில் ஒரு விபரீதக் கதை உண்டு. எந்த ஊர் என்று தெரியாமல் நாடு மட்டும் தெரிந்த முகவரிகளை, முகவரி–இடம் பொருத்தும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் நாட்டின் நடுப்புள்ளிக்குக் கொண்டுபோய் வைத்தது. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின்மேல் விழுந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரே புள்ளியில். எங்கோ யாரோ செய்த மோசடிக்கெல்லாம் போலீஸ்காரர்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2016இல் செய்தி வெளியான பிறகே புள்ளியை ஓர் ஏரிக்கு நகர்த்தினார்கள். இப்படிப்பட்ட தரவை வைத்து ஒளிரும் வரைபடம் போட்டால், ஒன்றுமில்லாத வயலில் பெரிய நகரம் ஒன்று எரியும்.

கடலடிக் கேபிள்களை வரையும் டெலிஜியாகிரஃபி நிறுவனம் 2015ஆம் ஆண்டுப் படத்தைக் கடலோடிகள் காலத்துப் பழைய வரைபடம் போல, கடல் பூதங்களோடும் அலங்கார எழுத்துகளோடும் வெளியிட்டது. சுவரில் மாட்டலாம், அவ்வளவு அழகு. சென்னைக் கரையில் கோடுகள் வந்து கூடுவதையும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் 2020இல் அந்தமானுக்கும் போன கேபிள்களையும் இந்த நிறுவனத்தின் படங்களில் பார்க்கலாம். ஆனால் கேபிள் வந்து இறங்கும் ஊரும் இணையம் பயன்படுத்தும் ஊரும் ஒன்றல்ல. இதற்கு மேல் அந்தப் படங்களை இங்கே இழுக்க வேண்டாம்.

இந்தியாவுக்குள்ளேயே மாநிலவாரியாக ஒரு படம் போட நினைத்தால் என்ன கிடைக்கும்? டிராய் தருவது மாநிலக் கணக்கல்ல, தொலைத்தொடர்பு வட்டங்களின் கணக்கு. மொத்தம் 22 வட்டங்கள். தமிழ்நாட்டு வட்டத்தில் புதுச்சேரியும் அடக்கம். ஜார்க்கண்ட் பீகாரோடும், சத்தீஸ்கர் மத்தியப் பிரதேசத்தோடும், தெலங்கானா ஆந்திரத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வடகிழக்கில் ஆறு மாநிலங்கள் சேர்ந்து ஒரே வட்டம். மும்பையும் கொல்கத்தாவும் தனித்தனி வட்டங்கள். இன்றைய அரசியல் வரைபடத்தில் இதைப் பூசினால் பாதி மாநிலங்கள் பக்கத்து வீட்டு நிறத்தைப் பூசிக்கொள்ளும். அதோடு இது சந்தாக் கணக்கு. இரண்டு சிம் வைத்திருப்பவர் இரண்டு பேர். ஒரே போனை மாற்றி மாற்றிப் பார்க்கும் நான்கு பேர் ஒருவர்.

ஆட்களை நேரில் கேட்ட கணக்கு வேண்டுமானால் தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று இருக்கிறது, 2019–21. 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் எப்போதாவது இணையம் பயன்படுத்தியவர்கள் 33.3 விழுக்காடு. ஆண்களில் 57.1. நகரத்துப் பெண்கள் 51.8, கிராமத்துப் பெண்கள் 24.6. கேரளப் பெண்கள் 61.1, பீகார்ப் பெண்கள் 20.6. ஆண் படம் ஒன்று, பெண் படம் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், வேறு அலங்காரம் தேவைப்படாது. ஆனால் மாநிலங்களுக்கு நிறம் பூசுகிறவர் பழைய சிக்கலில் மாட்டுவார். 2011 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள் இருந்த லடாக், மூன்று கோடிக்கு மேல் இருந்த கேரளத்தைவிடப் படத்தில் பெரியது. இங்கேதான் ஆக்ஸ்ஃபோர்டின் அறுகோணக் கட்டங்கள் உதவும். பீகார் வீங்கும், லடாக் ஒரு துளியாகும். பார்ப்பவர்களுக்கு இந்தியா அடையாளம் தெரியாமல் போகலாம். அந்தக் குழப்பத்துக்காக இதைக் கைவிடுவது சரியில்லை என்பது என் எண்ணம். கோணலாகத் தெரிகிற படத்தை மக்கள் ஒரு நிமிடம் கூடுதலாக நின்று பார்ப்பார்கள்.

‘எப்போதாவது’ என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வி. தம்பியின் போனில் ஒரே ஒரு முறை பரீட்சை முடிவு பார்த்த பெண்ணும், நாள் முழுக்க இணையத்தில் வேலை செய்யும் பெண்ணும் ‘ஆம்’ என்றே பதில் சொல்வார்கள், ஒரே நிறத்தில் விழுவார்கள். ஆய்வின் முதல் கட்டக் களப்பணி 2019 ஜூனிலிருந்து 2020 ஜனவரி வரை நடந்தது. ஜம்மு காஷ்மீரும் அந்தக் கட்டத்தில்தான். 2019 ஆகஸ்ட் 5 முதல் அங்கே இணையம் நிறுத்தப்பட்டிருந்தது. 2020 ஜனவரி கடைசியில் அனுமதிக்கப்பட்ட சில தளங்களுக்கு மட்டும் 2ஜி வந்தது, 4ஜி திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. அந்த மாதங்களில் கேட்டிருந்தாலும், முன்பு பயன்படுத்திய ஒருவர் ‘ஆம்’ என்றுதான் சொல்லியிருப்பார், அது சரியான பதிலும்கூட. பயன்பாட்டுப் படத்தில் காஷ்மீர் மற்ற மாநிலங்களைப் போலவே ஏதோ ஒரு நிறத்தோடு இருக்கும்.